மைத்தூரிகையில் செடிகொடி வரைதல்: மூங்கில் இலை ஏன் சேறாகிறது?

கேட்டிருப்பது இதுதான்: வாட்டர்கலர் பழக்கம் இருக்கிறது. சீன மைத்தூரிகையில் மூங்கிலும் ஆர்க்கிடும் வரைய உட்கார்ந்தால் ஒன்று மை ஊறிப் பரவி இலை குட்டையாகிவிடுகிறது, இல்லையென்றால் படம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். தேர்ந்தவர்கள் ஓர் இலையை ஒரு நொடியில் போட்டுவிடுகிறார்களே, வேகமாக வரைந்தால் சரியாகுமா? எங்கிருந்து தொடங்குவது?

வேகத்தை மட்டும் கூட்டினால் சேறு வேகமாக வரும், அவ்வளவுதான். சில தீற்றல்களில் செடியின் இயல்பைப் பிடிக்கும் இந்த முறையைச் சீனாவில் ஷியெயி என்பார்கள். இதில் நீர் மூன்று இடங்களில் இருக்கிறது: மையில், தூரிகையில், தாளில். வாட்டர்கலர் பழகியவர் முதலாவதை மட்டும் கவனிப்பார். உங்கள் சிக்கல் மற்ற இரண்டில் இருக்கிறது. கூடவே, எதை முதலில் வரைவது என்ற வரிசையும் வாட்டர்கலருக்கு நேர் எதிர். இவை பிடிபட்ட பிறகுதான் செடியைப் பற்றிப் பேச முடியும்.

தாளிலிருந்து வருவோம். வாட்டர்கலர் தாளில் ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். நிறம் மேற்பரப்பில் கொஞ்ச நேரம் நிற்கும், தப்பாகப் போனால் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். இந்த மரபின் தாள் ஷுவான் தாள். சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில், ஜிங் மாவட்டத்தில், ஒருவகை மரப்பட்டையின் நாரையும் நெல் வைக்கோலையும் கலந்து செய்வது. அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2009இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதில் பச்சைத் தாள், வெந்த தாள் என இரண்டு உண்டு. வெந்த தாளில் படிகாரமும் பசையும் ஏற்றியிருப்பதால் மை பரவாது; மயிரிழைக் கோடுகளால் வரையும் கோங்பி ஓவியத்துக்கு அதுதான் சரி. பச்சைத் தாளில் தடுப்பு எதுவும் இல்லை. தூரிகை பட்ட கணத்தில் நார் மையைக் குடித்துவிடும், கரித்துகள் நாருக்குள் போய் உட்கார்ந்துவிடும், திரும்ப எடுக்கவே முடியாது. தூரிகை நின்றால் பொட்டு பெரிதாகிக்கொண்டே போகும்.

எனவே பச்சைத் தாளில் விதி ஒன்றுதான்: தூரிகையில் நீர் அதிகமானால் கை வேகமாகப் போக வேண்டும், நீர் குறைந்தால் மெதுவாகப் போகலாம். தேர்ந்தவர் ஓர் இலையை ஒரு நொடியில் போடுவதற்குக் காரணம் அவர் தூரிகையில் உள்ள நீர். அதே நீரோடு மூன்று நொடி எடுத்தால் அவருக்கும் குட்டைதான்.

முழுத்தாளின் வழக்கமான அளவு 69 × 138 சென்டிமீட்டர். அதை நான்காக வெட்டினால் ஏறக்குறைய 34 × 69 வரும். கற்பவருக்கு அது நல்ல அளவு. தாளின் இரு பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பான பக்கத்தில்தான் வரைய வேண்டும். அடியில் கம்பளி விரிப்பு இல்லாமல் வரையாதீர்கள். வெறும் மேசையில் ஈரத்தாள் ஒட்டிக்கொள்ளும், தாளுக்கு அடியில் தேங்கும் மை மறுபடி மேலே ஊறும். பரவல் அடங்காமல் இருப்பதற்கு விரிப்பு இல்லாததே பாதி நேரம் காரணமாக இருக்கும். மலிவான மூங்கில்நார்ப் பயிற்சித் தாள் கையைப் பழக்கப் போதும். ஆனால் மாதக்கணக்கில் அதிலேயே இருந்தால் நீர்க்கணக்கு வராது. இரண்டு மூன்று வாரத்தில் பச்சைத் தாளுக்கு மாறுவது நல்லது.

தூரிகையை மயிரை வைத்துப் பிரிப்பார்கள். வெள்ளாட்டு மயிர் மென்மையானது, நிறைய நீர் பிடிக்கும், அழுத்தினால் வளைந்த மாதிரியே கிடக்கும். ஓநாய் மயிர் என்ற பெயரில் விற்பது வீசல் என்னும் சிறு விலங்கின் வால் மயிர். அது விறைப்பானது, தாளைவிட்டு எடுத்ததும் முனை மறுபடி கூராகும். இரண்டும் கலந்தது கலப்புத் தூரிகை. மூங்கிலுக்கு, மயிர் நீளம் 4 சென்டிமீட்டரும் தடிமன் 1 சென்டிமீட்டரும் உள்ள கலப்புத் தூரிகை ஒன்று, ஆர்க்கிடுக்கு அதே நீளத்தில் இன்னும் மெல்லிய வீசல் மயிர்த் தூரிகை ஒன்று, இந்த இரண்டும் ஆறு மாதத்துக்குக் காணும். வெள்ளாட்டு மயிரில் தொடங்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. கை அழுத்தத்தைக் கற்றுத்தர அது நல்லதுதான், ஆனால் தனியாகக் கற்பவரை அது சீக்கிரம் சோர்வடைய வைக்கும். புதுத் தூரிகையின் மயிர் பசையால் இறுகியிருக்கும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். வெந்நீர் வேண்டாம், மயிரை ஒட்டியிருக்கும் அடிப்பசை இளகிவிடும்.

மைக்கட்டி என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும். பைன் மரக்கரி மை மினுக்கம் இல்லாத, லேசாக நீலம் பாய்ந்த கறுப்பு. எண்ணெய்க்கரி மை பளபளப்பானது, நீர்த்தாலும் சாயல்கள் தெளிவாகப் பிரியும். செடிகொடிக்கு அதுவே ஏற்றது. மைக்கல்லில் அரைத் தேக்கரண்டி நீர் விட்டு, கட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் மெல்ல வட்டமாக 5 முதல் 10 நிமிடம் தேயுங்கள். கட்டி போன தடம் உடனே மூடிக்கொண்டால் இன்னும் தேய்க்க வேண்டும். தடம் ஒரு கணம் நின்று மெல்ல மூடினால் பதம் வந்துவிட்டது. அவசரத்தில் அழுத்தித் தேய்த்தால் கரி பொருபொருவென வரும், வெளிர் சாயலில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தேய்த்து முடித்ததும் கட்டியின் நுனியைத் துடைத்துவிடுங்கள். கல்லின் மேல் விட்டுப்போனால் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் கல்லின் பரப்பும் பெயரும். பாட்டில் மை பயிற்சிக்குத் தாராளமாகப் போதும், ஆனால் அன்றன்றே தூரிகையின் அடிவரை கழுவ வேண்டும். அடியில் இறுகினால் முனை இரண்டாகப் பிளக்கும், பிறகு சேராது. நேற்று அரைத்த மையில் பசை கெட்டுத் துகள்கள் திரண்டிருக்கும், அதனால் தீற்றலின் ஓரத்தில் வளையம் கட்டும். ஹுவாங் பின்ஹோங் (1865–1955) தன் நிலக்காட்சிகளில் அந்த வளையத்தையே வேண்டுமென்று கையாண்டார். மூங்கில் இலை பழகுபவருக்கு அது தொல்லைதான்.

இனி நீர்க்கணக்கு. மூன்று வெள்ளைக் கிண்ணங்கள் வையுங்கள்: ஒன்றில் அடர் மை அப்படியே, ஒன்றில் மை ஒரு பங்குக்கு நீர் மூன்று பங்கு, ஒன்றில் ஒன்றுக்குப் பத்து. பழைய போதனை ஐந்து சாயல் சொல்லும். தொடக்கத்தில் மூன்று போதும். ஐந்தும் தூரிகைக்குள்ளேயே பிறக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். தூரிகையை முழுக்க நீரில் நனைத்து, கிண்ண விளிம்பில் வழித்து, வெளிர் மையை அடிவரை ஏற்றுங்கள். பிறகு மயிரின் அடியை, முனையை இல்லை, மடித்த துணியில் ஒரு கணம் ஒற்றுங்கள். தேங்கும் நீர் அங்கேதான் ஒளிந்திருக்கும். கோடு பாதி தூரம் போன பின் திடீரென வழிந்து பரவினால், அடியில் ஒற்றாமல் விட்ட நீர் இறங்கி வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து முனையில் மூன்றில் ஒரு பாகத்தை அடர் மையில் தொட்டு, வெள்ளைத் தட்டில் சாய்வாக இரண்டு மூன்று முறை மட்டும் அழுத்துங்கள். அடரும் வெளிரும் சந்திக்கும் இடம் மட்டும் கலக்க வேண்டும். வாட்டர்கலர் பழக்கத்தில் தட்டில் சுழற்றிச் சுழற்றிக் குழைத்தால் தூரிகை முழுக்க ஒரே சாயல்தான் இருக்கும். நீங்கள் சொன்ன ஒரே சாம்பல் நிறம் அங்கிருந்துதான் வருகிறது.

சரியாக ஏற்றினோமா என்று பார்க்க, துண்டுத்தாளில் தூரிகையை வைத்து ஒரு நொடி நிறுத்தி எடுங்கள். மை தூரிகையின் ஓரத்தைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டருக்குள் நின்றால் சரி. விரல் அகலத்துக்குப் பரவினால் இன்னொருமுறை ஒற்றுங்கள். காய்ந்தால் மை ஒரு படி வெளுக்கும், ஆகவே ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் கூடுதல் கறுப்பாகத் தெரிவதே சரியான அளவு.

வரிசையைப் பற்றிச் சொன்னேன். வாட்டர்கலரில் வெளிரில் தொடங்கி அடருக்குப் போவீர்கள், பின்னால் இருப்பதை முதலில் முடிப்பீர்கள். பச்சைத் தாளில் முதலில் போட்ட தீற்றலின் பசையும் கரியும் நாரை நிரப்பிவிடுவதால், பின்னால் வரும் தீற்றல் அந்த இடத்தில் சரியாக ஊற முடியாது. இரண்டும் வெட்டும் இடத்தில் முதல் தீற்றலின் ஓரம் அப்படியே துலங்கும். எனவே முன்னால் நிற்கும் இலையை முதலில் வரைய வேண்டும், பின்னிலையை வெளிர் மையில் அதன் மேலேயே இழுத்துவிடலாம். அது தானாகப் பின்னால் போய்விடும். இதற்கு முதல் தீற்றல் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது இழுத்தால் ஒன்றையொன்று உடைத்துக்கொள்ளும். அந்த உடைப்பையும் ஓர் உத்தியாகப் பயன்படுத்துவார்கள், தாமரை இலையில் அதைப் பார்ப்போம்.

முதல் செடி மூங்கில்தான். வட சோங் காலத்து வென் டோங் (1018–1079) மூங்கிலுக்கென்றே பெயர் பெற்றவர். தூரிகையை எடுக்கும் முன்பே முழு மூங்கிலும் நெஞ்சுக்குள் இருக்க வேண்டும் என்று அவரை முன்வைத்து எழுதியவர் கவிஞர் சு ஷி. அந்த வரியை இன்றும் எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள், பெரும்பாலும் மனநிலை பற்றிய பேச்சாக. கைக்கு அது மிக நேரடியான செய்தி: பச்சைத் தாளில் நடுவில் நின்று யோசிக்க நேரமில்லை, தண்டு எங்கே வளையும், எந்தக் கணுவில் கிளை பிரியும் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நகம் அழுத்தித் தாளில் லேசான தடம் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்டைக் கீழிருந்து மேலே வரையுங்கள், அது வளரும் திசையில். தூரிகையைச் சாய்த்துப் பிடித்து, தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பின்னோக்கு அசைவு செய்து அழுத்தி, மேலே தள்ளி, முடிவில் நின்று, சற்றே பின்வாங்கித் தூக்குங்கள். 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுத்த கணுவிடை. அடியில் கணுவிடை குட்டையாக இருக்கும், நடுவில் நீளும், உச்சியில் மறுபடி குறுகும். நான்கைந்து கணுவிடைக்கு மறுபடி மை தொடாதீர்கள். மேலே போகப்போக மை குறைந்து, நடுவில் தாளின் வெள்ளை கீற்றுக் கீற்றாகத் தெரியும். தண்டுக்கு உருட்சி தருவது அதுதான். மூங்கில் புல் இனம், முளைத்த பின் பருக்காது. அதனால் ஒரு தண்டு கணுவுக்குக் கணு தடிமன் மாறிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் கண் உடனே உறுத்தும்.

தண்டின் ஈரம் முழுக்கப் போவதற்குள், அடர் மையில் கணுக்கோடு. இரு முனையும் சற்றுத் தடித்து மேலே வளைந்த சிறு வளைவு. தண்டு சொதசொதவென்று இருக்கும்போது போட்டால் கணுவுக்குத் தாடி முளைக்கும். நன்றாகக் காய்ந்த பின் போட்டால் ஒட்டவைத்த வார் மாதிரித் தனியாக நிற்கும். தாளைச் சாய்த்துப் பாருங்கள், மேற்பரப்பின் மினுக்கம் மறைந்து தாள் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் நேரம்தான் பதம். கண்மட்டத்துக்கு மேலுள்ள கணுக்களின் வளைவு மேல்நோக்கிக் குவியும், கீழுள்ளவை கீழ்நோக்கிக் குழியும்.

கிளைகள் கணுவிலிருந்து மட்டுமே, ஒரு கணுவில் இடம் என்றால் அடுத்த கணுவில் வலம். கணுவிடையின் நடுவில் கிளை முளைத்தால் எவ்வளவு அழகான தீற்றலும் வீண். சிறுகிளைகளைச் சற்று உலர்ந்த தூரிகையால், நுனி நேராக நிற்க, விறைப்பாக இழுங்கள்.

இலைக்கு வருவோம், கேள்வியே இதில்தானே. தூரிகை இப்போது செங்குத்து. முனை கிளையைத் தொட்டதும் படிப்படியாக அழுத்துங்கள், இலையின் மூன்றில் ஒரு பங்கில் அகலம் உச்சம் தொடட்டும். அங்கிருந்து அழுத்தத்தை மெல்ல விட்டுக்கொண்டே போய், முனை தாளை விட்டுக் கிளம்பிய பிறகும் கை அதே திசையில் போகட்டும். அசைவு முழங்கையிலிருந்து வர வேண்டும், விரல்கள் சும்மா இருக்க வேண்டும். 34 × 69 தாளில் இலை 6 முதல் 8 சென்டிமீட்டர். நுனி மொண்ணையாக முடிந்தால் தூக்கும் முன் கை நின்றுவிட்டது. நுனி கொக்கிபோல வளைந்தால் மணிக்கட்டால் சுண்டிவிட்டீர்கள். அடி பெருத்து உருண்டையாக இருந்தால் தொட்டவுடன் அழுத்திவிட்டீர்கள், அல்லது அடியை ஒற்றாமல் வந்துவிட்டீர்கள். இலையின் ஒரு ஓரம் மட்டும் பிசிறு தட்டினால் தூரிகை சாய்ந்திருக்கிறது.

இலைகள் கொத்தாக வரும். நடுவில் நீளமாக ஒன்று, இருபுறமும் குட்டையாக ஒவ்வொன்று. அல்லது இரண்டு இரண்டாகச் சேர்ந்து நான்கு. இந்த அடிப்படைக் கொத்துகளைச் சீன எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டு நினைவில் வைத்துக்கொள்வார்கள். கொத்தின் மேல் கொத்து ஏறி அடர்ந்து, எங்காவது ஒரு பக்கம் விட்டுப் போக வேண்டும். சம கோணத்தில் ஐந்து இலை வந்தால் விரித்த கைவிரல் போலாகும். ஒரே நீளத்தில் இணையாக வந்தால் சீப்பு. வெயிலில் நுனிகள் மேலே, மழையில் கீழே, காற்றில் எல்லாம் ஒரே பக்கம், தண்டும் சேர்ந்து வளையும். ஒரே படத்தில் இரண்டு பருவநிலை கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னிலைகளை அடர் மையில் முடித்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, பின்னிலைகளை வெளிர் மையில் இழுத்தால் தோப்புக்கு ஆழம் வந்துவிடும்.

ஆர்க்கிடில் தீற்றல் குறைவு, கஷ்டம் அதிகம். வரைவது புல்போல நீண்ட இலையுள்ள சிம்பிடியம் வகை. முதல் இலை அடியிலிருந்து எழுந்து ஒரு பக்கம் வளைந்து விழும். போகும் வழியில் அழுத்தம், தளர்வு, மறுபடி அழுத்தம், பிறகு நுனி. தளர்ந்து மெலியும் இடத்தில் இலை திரும்பியிருக்கிறது என்று கண் எடுத்துக்கொள்ளும். அந்தத் தளர்வில் கோடு அறுந்துபோனாலும் பரவாயில்லை, கையின் போக்கு அறுபடாமல் இருந்தால் கண் தானே இணைத்துக்கொள்ளும். இரண்டாவது இலை முதலாவதின் அடிப்பக்கம் குறுக்கே போகும். நடுவில் ஒடுங்கிய கண் வடிவில் வெற்றிடம் உண்டாகும். அதற்குப் பீனிக்ஸ் பறவையின் கண் என்று பெயர். மூன்றாவது அந்தக் கண்ணை உடைத்துக்கொண்டு போகும். இந்த மூன்றும் சரியாக வந்தால் படத்தின் எலும்புக்கூடு முடிந்தது, மற்ற இரண்டு மூன்று இலையும் அடியில் குட்டையான இலையுறைகளும் துணைக்குத்தான். மூன்று இலை ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்வதும், எல்லா இலையும் அடியில் ஒரே புள்ளியில் கூடுவதும் கற்பவர் தாள்களில் தவறாமல் காணக்கிடைப்பவை.

பூவை இலையைவிட வெளிராக வரையுங்கள். இதழ் ஐந்து, நுனியிலிருந்து நடுவை நோக்கி ஒவ்வொரு தீற்றல். உள்ளே இரண்டு குட்டையாக ஒன்றையொன்று தழுவி, வெளியே மூன்று நீண்டு. ஐந்தும் சம இடைவெளியில் நட்சத்திரமாகிவிடக் கூடாது. இதழ் பாதி காய்ந்ததும் நடுவில் அடர் மையில் மூன்று பொட்டு. அந்த மூன்று பொட்டு வரும்வரை பூ செத்த மாதிரி இருக்கும், பயந்து இதழ்களைத் திருத்தப் போகாதீர்கள்.

எவ்வளவு குறைவாக வரையலாம் என்பதற்கு ஜெங் ஸிஷியாவ் (1241–1318) 1306இல் வரைந்த மை ஆர்க்கிட் சுருளைப் பாருங்கள். ஜப்பானில் ஒசாகா நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சில இலைகள், ஒரு பூ, வேருக்கு மண்ணே இல்லை. சோங் அரசு மங்கோலியர்களிடம் வீழ்ந்ததால் நிலம் பறிபோனது, அதனால்தான் மண் இல்லை என்று அதை வாசிப்பது வழக்கம். அரசியலை விட்டுவிட்டுத் தொழில்முறையாகப் பார்த்தாலும், ஒரு கோடுகூடக் கூட்ட இடமில்லாத படம் அது.

ப்ளம் பூவில் தூரிகை மாறுகிறது. முதிர்ந்த அடிமரத்துக்குத் தூரிகையைப் படுக்கவைத்து, நீரை நன்றாக ஒற்றிவிட்டு, இழுத்தும் உரசியும் திருகியும் போக வேண்டும். பிசிறு இங்கே குறையில்லை. இளங்கிளைக்கு நேர் எதிர்: நுனி நேராக நிற்க, ஒரே மூச்சில் விருட்டென்று ஏறும் கோடு. பூ வரும் இடங்களைக் கிளையில் முன்கூட்டியே வெற்றாக விட்டுவிட வேண்டும். கறுத்த கிளையின் மேல் வெள்ளைப் பூவை மையால் வரைய முடியாது. ஒவ்வொரு இதழும் இடமும் வலமுமாக இரண்டு வளைவு, முழுவட்டமாக மூடிவிடாமல். மகரந்தத் தாள்கள் நடுவிலிருந்து வெளியே விசிற வேண்டும், காம்பில் இரண்டு மூன்று அடர் பொட்டு. யாங் வூஜியு 1165இல் வரைந்த சுருள் ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. மொட்டு, விரியத் தொடங்குவது, முழு மலர்ச்சி, உதிர்வு என்று நான்கு நிலைகளில் ப்ளம் கிளைகள். பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் தெரியவில்லை.

சாமந்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நடுவிலிருந்து வெளியே இதழ்களை அடுக்குங்கள், இலையை ஈரமாகவும் கறுப்பாகவும் போட்டு, பாதி காய்ந்ததும் நரம்பு. அதைவிடத் தாமரை இலை நிறையக் கற்றுத்தரும். 6 சென்டிமீட்டர் மயிருள்ள பெரிய வெள்ளாட்டுத் தூரிகையில் வெளிர் மை ஏற்றி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நான்கைந்து அகலத் தீற்றல். இடையிடையே தாள் தெரியட்டும். ஈரம் இருக்கும்போதே அடர் மையால் நரம்பு இழுத்தால் மை இறகுபோல விரிந்து வெளிரை உடைக்கும். அடர் மையின் மேல் நீரோ வெளிரோ வைத்தால் கரி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வெளிச்சம் வரும். இரண்டும் தாமரையில் வேண்டும். தண்டை எழுந்து நின்று, தோள் அசைய, ஒரே இழுப்பில் போடுங்கள், முட்களுக்குச் சிறு பொட்டு. பாதா ஷான்ரென் (1626–1705) தாமரைத் தண்டுகள் தாளின் பாதிக்கு மேல் வெறுமையில் ஏறுவதைக் கவனித்தால், வெற்றிடமும் வரையப்பட்டதுதான் என்பது விளங்கும்.

இந்தப் படங்களில் கோடு சீனத் தூரிகை எழுத்துக்கலையிலிருந்து வருகிறது. பாறைக்கு உலர்தூரிகை எழுத்து, மரத்துக்கு முத்திரைகளில் வரும் பழைய பாணி எழுத்து, மூங்கிலுக்கு எழுத்துக்கலையின் எட்டு அடிப்படைத் தீற்றல்கள் என்று ஜாவ் மெங்ஃபூ (1254–1322) தன் ஓவியத்திலேயே கவிதையாக எழுதிவைத்தார். வூ சாங்ஷுவோ (1844–1927) கல்முரசு எனப்படும், முரசு வடிவக் கற்களில் பொறித்த பழங்காலச் சீன எழுத்துகளை ஆயுள் முழுக்க எழுதிப் பழகியவர். அவருடைய கொடிகள் முறுக்கேறி நிற்பது அந்தப் பழக்கத்தால். சீன எழுத்து தெரியாவிட்டாலும், தினமும் பத்து நிமிடம் ஒரே தடிமனில் நேர்கோடும் வட்டமும் இழுப்பது அதே வேலையைச் செய்யும்.

குறைகளைக் கண்டுபிடிக்க சீன ஓவிய வரலாறு எழுதிய குவோ ருவோஷு பதினோராம் நூற்றாண்டில் சொன்ன மூன்று நோய்களே இன்றும் போதும். ஒன்று தட்டை: மணிக்கட்டு வலுவில்லாமல் கோடு பலகைபோலக் கிடப்பது. இது அழுத்த மாற்றம் இல்லாததால் வருவது. ஆர்க்கிட் இலையை ஐம்பது முறை இழுங்கள். இரண்டு செதுக்கல்: திரும்பும் இடமெல்லாம் கோணல் கோணலாக முறிவது. கையும் மனமும் இருவேறு பக்கம் போவதால் வருவது, வேகமாக வரைய முயல்பவர்களிடம் அதிகம். மூன்று முடிச்சு: போக வேண்டிய இடத்தில் போகாமல், விரிய வேண்டிய இடத்தில் விரியாமல் தயங்கி நிற்பது. பச்சைத் தாளில் ஒவ்வொரு தயக்கமும் ஒரு பொட்டாகப் பதிந்துவிடும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் இலைகளில் குட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடியிலா, நடுவிலா, நுனியிலா? அடியில் என்றால் நீர், நடுவில் என்றால் தயக்கம், நுனியில் என்றால் தூக்கும் பழக்கம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: போட்ட தீற்றலின் மேல் மறுபடி தடவித் திருத்தாதீர்கள். தாள் முழுக்கச் சாம்பலாவதற்கு, குழைத்த மைக்கு அடுத்த காரணம் இதுதான்.

மூங்கிலும் ஆர்க்கிடும் வரைந்தே வாழ்ந்த ஜெங் பான்ச்சியாவ் (1693–1766), கண்ணில் பட்ட மூங்கில் வேறு, நெஞ்சில் எழுந்தது வேறு, கையில் வந்தது வேறு என்று எழுதினார். நெஞ்சிலிருந்ததற்கும் கையில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத் தவறாக நினைக்க வேண்டாம். அந்த வித்தியாசத்தில்தான் இந்த ஓவியம் இருக்கிறது. ஆனால் அதைச் சாக்காக வைத்து, செடியைப் பார்க்காமலே 'உணர்ச்சியாக' வரைகிறேன் என்று கிளம்புபவர்களின் இலை எங்கிருந்து முளைக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

முதல் மாதத்துக்கு: ஒரு வாரம் நீர்ச்சோதனையும் கோடும் மட்டும். இரண்டாம் வாரம் தண்டும் கணுவும். மூன்றாம், நான்காம் வாரம் இலை, ஒரு தாளில் ஒரே கொத்து வகை. ஆர்க்கிட் அதற்குப் பிறகு. தினமும் நாற்பது நிமிடம் போதும், ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் கை களைத்து விரலால் வரையத் தொடங்கிவிடும். தாள்களைத் தூக்கிப் போடாமல் சுவரில் குத்திவைத்து மறுநாள் பாருங்கள். ஈரத்தில் மோசமாகத் தெரிந்தது காய்ந்தபின் நன்றாக இருக்கும், சிலசமயம் தலைகீழாகவும் நடக்கும்.

காய்ந்த தாள் சுருங்கி நெளிந்திருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பின்னால் இன்னொரு தாளைக் கோதுமை மாவுப்பசையால் ஒட்டி நிமிர்த்தினால்தான் படம் முழுமையாகும், அப்போது சாயல்களும் கூடுதல் துலக்கமாகத் தெரியும். ஒட்டும் முன் இரண்டு மூன்று நாளாவது மை நன்றாகக் காய வேண்டும். பாட்டில் மையில் வரைந்ததென்றால், அதே மை பட்ட ஒரு கழிவுத் தாளை நீர் தெளித்துச் சோதித்துவிட்டு, மை அசையவில்லை என்றால் மட்டும் படத்தில் கை வையுங்கள். சிவப்பு முத்திரையைக் கடைசியில் குத்துங்கள், படத்தில் எந்தப் பக்கம் கனம் குறைந்திருக்கிறதோ அங்கே. எண்ணெய்ப்பசை முத்திரை மை காயவும் சில நாள் பிடிக்கும், அதுவரை சுருட்டாதீர்கள்.